ஏர் டிரான்சாட் 236: அட்லாண்டிக் நடுவில் எரிபொருள் தீர்ந்த ஏ330 – ஒரு நிகழ்வு ஆய்வு

2001 ஆகஸ்ட் 24 அதிகாலை, கனடாவின் டொரண்டோவிலிருந்து போர்ச்சுகலின் லிஸ்பனுக்குப் போய்க்கொண்டிருந்த, ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் 236ஆம் எண் பயணத்தின் ஏர்பஸ் ஏ330 விமானம், அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் இரண்டு இன்ஜின்களையும் இழந்தது. காரணம் எரிபொருள் தீர்ந்தது. புறப்படும்போது டேங்கில் சுமார் 47 டன் இருந்தது. விதிப்படி வேண்டியதைவிட அது சில டன் அதிகம். அதனால் குறைவாக ஏற்றிவிட்டார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1983இல் கனடாவிலேயே ஒரு போயிங் 767 நடுவானில் எரிபொருளின்றி நின்றது. அங்கே கிலோவும் பவுண்டும் குழம்பி, பாதி எரிபொருளோடு கிளம்பிவிட்டார்கள். இந்த நிகழ்வு வேறு ரகம். ஏற்றியது சரியாக இருந்தும் வழியில் போய்விட்டது. போகிறது என்பதை விமானமே சில வழிகளில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

போர்ச்சுகலின் விபத்து விசாரணை அமைப்பு இதை ஆராய்ந்து 2004இல் இறுதி அறிக்கை வெளியிட்டது. இங்கே சொல்லப்படுவது அந்த விசாரணையில் தெரியவந்த நிகழ்வுகளின் வரிசை. தீர்ப்பாக வரும் கருத்துகள் சில என்னுடையவை. நேரங்கள் எல்லாம் கிரீன்விச் நேரம்.

பின்னணி: இந்த விமானத்தில் எரிபொருள் எங்கே இருக்கிறது, எப்படிப் போகிறது

ஏ330இல் எரிபொருளின் பெரும்பகுதி இறக்கைக்குள் இருக்கிறது. தனியாக ஒரு தொட்டியைச் செய்து இறக்கைக்குள் வைப்பதில்லை. இறக்கையின் உட்கூட்டையே கசியாமல் அடைத்து டேங்காகப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு இறக்கையிலும் உள் டேங்க் ஒன்று, நுனிப் பக்கம் சிறிய வெளி டேங்க் ஒன்று. பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கி வளைக்கும். உள்ளே எரிபொருளின் எடை இருந்தால் அந்த வளைவு குறையும். அதனால்தான் நுனியில் உள்ளதைக் கடைசி வரை வைத்திருப்பார்கள்.

மூன்றாவது இடம் வால். கிடைவால் இறக்கைக்குள் ஒரு டேங்க் இருக்கிறது. பயணத்தின்போது கணினி கொஞ்சம் எரிபொருளைப் பின்னால் அனுப்பி, விமானத்தின் எடை மையத்தைச் சற்றுப் பின்னே வைத்திருக்கும். அப்படி வைத்தால் காற்றின் இழுவை குறைந்து எரிபொருள் மிச்சமாகும். இறக்கை டேங்கில் அளவு இறங்கியதும் வாலில் இருப்பதைத் தானாகவே முன்னால் கொண்டுவரும். விமானி எதுவும் செய்யத் தேவையில்லை. திரையில் ஒரு சிறு குறிப்பு மட்டும் வரும்.

சாதாரணமாக இடப்பக்க டேங்க் இடப்பக்க இன்ஜினுக்கு, வலப்பக்க டேங்க் வலப்பக்க இன்ஜினுக்கு. டேங்கின் அடியிலுள்ள மின்பம்புகள் எரிபொருளை இன்ஜின் வரை தள்ளும். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஒரு குறுக்குக் குழாயும், அதில் கிராஸ்ஃபீட் வால்வும் உண்டு. அது எப்போதும் மூடியிருக்கும். ஒரு இன்ஜின் நின்று, அந்தப் பக்கத்து எரிபொருள் தேங்கிவிட்டால் அதை மறுபக்கத்து இன்ஜினுக்குக் கொடுக்க அது உதவும். இரண்டு பக்கமும் எடை மாறுபட்டால் அதைச் சரிசெய்யவும் அதுதான் வழி.

இன்ஜினுக்குள் வந்த எரிபொருள் நேராக எரியப் போவதில்லை. முதலில் குறை அழுத்த பம்ப். அடுத்து ஒரு வெப்பப் பரிமாற்றி. அங்கே இன்ஜின் ஆயிலின் சூடு எரிபொருளுக்கு மாறும். ஆயில் ஆறும், குளிர்ந்த எரிபொருள் சூடாகும். ஒரே கருவியில் இரண்டு காரியம். பிறகு வடிகட்டி, உயர் அழுத்த பம்ப், எவ்வளவு வேண்டும் என்று அளந்துவிடும் கருவி, அப்புறம் ஓட்டமானி, கடைசியாக எரியறை. ஓட்டமானி வரிசையின் கடைசியில் இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் எங்கே கசிந்தாலும், இன்ஜின் எவ்வளவு குடிக்கிறது என்று காட்டும் எண் மாறாது.

ஒரு வாரம் முன்: பாதி பழையது, பாதி புதியது

நிகழ்வுக்கு ஒரு வாரத்துக்கு முன்னால், வழக்கமான சோதனையில் வலப்பக்க இன்ஜினின் ஆயிலில் உலோகத் துகள்கள் தென்பட்டன. இன்ஜினை மாற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. உற்பத்தியாளரான ரோல்ஸ் ராய்ஸ் இரவலாகக் கொடுத்த ஒரு இன்ஜின் கையில் இருந்தது. அதே ரகம், டிரென்ட் 700 வரிசை. ஆனால் அது பழைய அமைப்பில் இருந்தது. ஹைட்ராலிக் பம்பையும் (திரவ அழுத்தத்தால் விமானப் பாகங்களை இயக்கும் அமைப்பின் பம்ப்), பக்கத்திலுள்ள எரிபொருள் குழாயையும், ஹைட்ராலிக் குழாயையும் சேர்த்து மாற்றச் சொல்லும் சர்வீஸ் புல்லட்டின் (உற்பத்தியாளர் அனுப்பும் மாற்ற அறிவிப்பு) ஒன்று முன்பே வந்திருந்தது. கழற்றிய இன்ஜினில் அந்த மாற்றம் செய்யப்பட்டிருந்தது. இரவல் இன்ஜினில் இல்லை.

இரவல் இன்ஜின் ஹைட்ராலிக் பம்ப் இல்லாமல் வந்திருந்ததால், பழைய இன்ஜினிலிருந்த பம்பைக் கழற்றிப் பொருத்தினார்கள். இப்படிச் செய்வது வழக்கம்தான். ஆனால் அது மாற்றத்துக்குப் பிந்தைய பம்ப். பொருத்திப் பார்த்தால் எரிபொருள் குழாய் இடித்தது. அப்போதுதான் இரண்டு இன்ஜினுக்கும் அமைப்பு வேறு என்பது தெரியவந்தது. வார இறுதி. விமானம் அடுத்த பயணத்துக்குத் தயாராக வேண்டும். புல்லட்டினின் விவரத்தைக் கணினியில் திறந்து பார்க்க முயன்றபோது கணினி வலையமைப்புக் கோளாறால் முடியவில்லை. பராமரிப்புக் கட்டுப்பாட்டு அலுவலகத்திடம் கேட்டு, கழற்றிய இன்ஜினிலிருந்த எரிபொருள் குழாயை எடுத்துப் பொருத்துவது என்று தீர்மானித்தார்கள். ஹைட்ராலிக் குழாய் மட்டும் இரவல் இன்ஜினில் இருந்த பழையதே.

மூன்றும் சேர்ந்து மாற வேண்டிய இடத்தில் இரண்டு மாறின. பொருத்தும்போது இரண்டு குழாய்களுக்கும் இடையில் இடைவெளி போதவில்லை. ஹைட்ராலிக் குழாயைக் கையால் விலக்கிப் பிடித்தபடியே நட்டை முறுக்கியபோது இடைவெளி கிடைத்தது. கண்ணுக்கு எல்லாம் சரி. ஆனால் குழாய்க்குள் ஹைட்ராலிக் அழுத்தம் ஏறியதும் அது தன் இயல்பான இடத்தை நோக்கித் திரும்பி, எரிபொருள் குழாயில் போய் உரசியது.

இன்ஜினை ஓட்டிச் சோதித்தபோது கசிவு இல்லை. இருக்கவும் நியாயமில்லை, அப்போது விரிசலே விழுந்திருக்கவில்லை. உரசலும் அதிர்வும் சேர்ந்து குழாய்ச் சுவரை மெல்ல மெல்லத் தின்ன, அடுத்தடுத்த பயணங்கள் தேவைப்பட்டன. கசிவுச் சோதனை இன்று கசிகிறதா என்பதைத்தான் சொல்லும். இரண்டு குழாய்களுக்கு நடுவே விரல் நுழையுமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

நள்ளிரவுக்குப் பின்: கசிவு தொடங்குகிறது

விமானம் 00:52க்குப் புறப்பட்டது. 293 பயணிகள், 13 பணியாளர்கள். கேப்டன் 16,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவசாலி. உதவி விமானிக்கும் ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் உண்டு. ஆனால் எரிபொருள் கசிவை எப்படிக் கையாள்வது என்ற தனிப் பயிற்சி இருவருக்குமே கிடைத்திருக்கவில்லை.

பறப்புப் பதிவுக் கருவியைப் பின்னர் அலசியபோது, கசிவு 04:38 வாக்கில் தொடங்கியது தெரிந்தது. விமானிகள் அறையில் அப்போது எந்த அடையாளமும் இல்லை. குழாயில் விழுந்த விரிசல் சில சென்டிமீட்டர் நீளம்தான். ஆனால் அது பெரிதாகி, ஒரு கட்டத்தில் மணிக்கு சுமார் 13 டன் வீதம் எரிபொருள் வெளியேறியது. இந்த விமானத்தின் இரண்டு இன்ஜின்களும் சேர்ந்து மணிக்கு ஆறு டன் அளவில்தான் எரிக்கும். எரித்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் கடலில் கொட்டியது.

05:03: ஆயில் சொன்ன சேதி

முதல் அறிகுறி எரிபொருள் பக்கத்தில் வரவில்லை. வலப்பக்க இன்ஜினின் ஆயில் அளவீடுகள் விசித்திரமாக இருந்தன: வெப்பநிலை குறைவு, அழுத்தம் அதிகம், அளவும் குறைவு. மூன்றில் எதுவும் ஆபத்து எல்லையைத் தாண்டவில்லை. ஆனால் இடப்பக்க இன்ஜினோடு ஒப்பிட்டால் பொருந்தவில்லை.

விளக்கம் மேலே சொன்ன வெப்பப் பரிமாற்றியில் இருக்கிறது. விரிசல் விழுந்த குழாய் அந்தப் பரிமாற்றியைத் தாண்டி இருந்தது. கசிகிற எரிபொருளும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். குளிர்ந்த எரிபொருள் வழக்கத்தைவிடப் பல மடங்கு பாய்ந்ததால் ஆயில் அளவுக்கு மீறி ஆறியது. ஆறிய ஆயில் கெட்டியாகும். கெட்டியானால் அழுத்தம் ஏறும். ஆக, ஆயில் மானி உண்மையில் எரிபொருள் ஓட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஓட்டமானி காட்டாததை அது காட்டியது என்றும் சொல்லலாம்.

விமானிகள் இதை அப்படிப் படிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதும் எளிதல்ல. ஆயில் ஆறிப்போவதற்கு எரிபொருள் கசிவு காரணமாகலாம் என்று எந்தக் கையேடும் அந்த நேரத்தில் சொல்லவில்லை. நிறுவனத்தின் பராமரிப்பு மையத்தை வானொலியில் அழைத்துக் கேட்டார்கள். அங்கேயும் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை. கவனித்துக்கொண்டே இருப்பது என்று முடிவானது. மானியோ கணினியோ தப்பாகக் காட்டுகிறது என்ற எண்ணம் அப்போதே மனதில் ஊன்றிவிட்டது. அடுத்த நாற்பது நிமிடத்தையும் அந்த எண்ணம்தான் ஆட்டிப்படைத்தது என்பது என் கணிப்பு.

இதற்கிடையில் இறக்கை டேங்குகளில் அளவு இறங்க, கணினி தன் வேலையைச் செய்தது: வால் டேங்கில் இருந்ததை முன்னால் கொண்டுவந்தது. திரையில் அதற்கான சிறு குறிப்பு வந்தது. இது வழக்கமாக வருவதுதான் என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. பயணத்தின் அந்தக் கட்டத்தில் அது வருவது சற்று முன்னதாகவே வந்த விருந்தாளி என்பது கவனத்தில் படவில்லை. அதைவிட முக்கியமானது, வாலிலிருந்து வந்த எரிபொருள் இறக்கைகளில் சேர்ந்ததால், இரண்டு பக்கத்துக்கும் இடையே வளர்ந்துவந்த வித்தியாசம் எச்சரிக்கை எல்லையை எட்டுவது தள்ளிப்போனது. உதவிக்கு வந்த தானியங்கி அமைப்பு, பிரச்சினையை மூடி மறைத்தது.

05:30க்குப் பின்: சமநிலைக் குறிப்பும் கிராஸ்ஃபீட் முடிவும்

இரு பக்க உள் டேங்குகளுக்கும் இடையே 3,000 கிலோ வித்தியாசம் வந்தால் கணினி ஒரு கவனக் குறிப்பைக் காட்டும். 05:30 கழிந்து சில நிமிடத்தில் அது வந்தது. சிவப்பு விளக்கு இல்லை, மணியோசை இல்லை; வெறும் குறிப்புதான். பார்த்தால் வலப்பக்கத்தில் எரிபொருள் குறைவு, இடப்பக்கத்தில் அதிகம்.

எரிபொருள் சமநிலை குலைந்தால் என்ன செய்வது என்பது ஒவ்வொரு விமானிக்கும் தெரியும்: கிராஸ்ஃபீட் வால்வைத் திற, குறைவாக உள்ள பக்கத்துப் பம்புகளை நிறுத்து, அதிகமாக உள்ள பக்கத்திலிருந்து இரண்டு இன்ஜினுக்கும் கொடு. 05:36 வாக்கில் அதைச் செய்தார்கள். செக்லிஸ்ட்டை எடுத்துப் படிக்காமல் நினைவிலிருந்தே செய்தார்கள்.

அந்தச் செக்லிஸ்ட்டில் ஓர் எச்சரிக்கை வரி இருந்தது. கசிவு இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் இதைச் செய்யாதே, கசிவுக்கான செக்லிஸ்ட்டைப் பார் என்பது அதன் சாரம். நினைவில் தங்குவது செய்ய வேண்டிய படிகள். செய்யக்கூடாததைச் சொல்லும் வரி நினைவில் தங்குவதில்லை. காகிதத்தைக் கையில் எடுக்கச் சொல்வதே அதற்காகத்தான்.

மொட்டைமாடியில் இரண்டு தண்ணீர்த் தொட்டி, நடுவில் ஒரு வால்வு இருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளலாம். ஒரு தொட்டியின் கீழ்க்குழாய் உடைந்து அது காலியாகிறது. இரண்டும் சமமாக இல்லையே என்று நடு வால்வைத் திறந்தால் நல்ல தொட்டியும் உடைந்த குழாய் வழியே போய்விடும். இங்கே நடந்ததும் அதேதான். வலப்பக்க இன்ஜினின் உடைந்த குழாய்க்கு இடப்பக்க இறக்கையிலிருந்து எரிபொருள் போகத் தொடங்கியது.

வால்வைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஏன் வலப்பக்கம் குறைந்தது? இரண்டு இன்ஜினும் ஒரே அளவு எரிக்கும்போது, ஒரே அளவு நிரப்பிய இரு டேங்குகள் தாமாக மூன்று டன் விலகாது. எரித்த மொத்தத்தையும் மிச்சமிருப்பதையும் கூட்டிப் பார்த்தால் புறப்பட்டபோது இருந்த அளவு வர வேண்டும். வராவிட்டால் எங்கோ போகிறது என்று அர்த்தம். இந்தக் கூட்டல் அரை நிமிட வேலை. தேவையான எண்கள் எல்லாம் திரையிலேயே இருந்தன.

05:45: லாஜெஸுக்குத் திருப்பம்

மிச்சமிருக்கும் மொத்த எரிபொருள் எதிர்பார்த்ததைவிடப் பல டன் குறைவு என்பது சில நிமிடத்தில் தெளிவாயிற்று. லிஸ்பன் போய்ச் சேராது. 05:45க்கு, அசோரஸ் தீவுக்கூட்டத்தில் டெர்சைரா தீவிலுள்ள லாஜெஸ் விமானத் தளத்துக்குத் திரும்புவது என்று முடிவெடுத்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஓடுபாதை கொண்ட ராணுவத் தளம் அது; பயணிகள் விமானங்களும் இறங்கும். சில நிமிடத்தில் கடற்பகுதிக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் தகவல் போனது.

இந்த முடிவை மட்டும் தனியாக எடுத்துப் பேச வேண்டும். எண்களை நம்பாத நிலையிலும், எண்கள் சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துப் பாதுகாப்பான பக்கம் திரும்பினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் லிஸ்பன் நோக்கிப் போயிருந்தால், கைக்கெட்டும் தூரத்தில் எந்த ஓடுபாதையும் இருந்திருக்காது.

கசிவு இருக்குமோ என்ற சந்தேகமும் எழாமல் இல்லை. இறக்கையையும் இன்ஜினையும் ஜன்னல் வழியே பார்க்கச் சொன்னார்கள். வெளியே இருட்டு, எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்பது இல்லை என்று ஆனது. வால்வு மூடி, கசிவு செக்லிஸ்ட் முழுமையாகச் செய்யப்படவே இல்லை. கிராஸ்ஃபீடை நேரத்தோடு மூடி, கசிவு முறையைப் பின்பற்றியிருந்தால் இடப்பக்க டேங்கில் இருந்தது லாஜெஸ் வரை ஒரு இன்ஜினோடு போகப் போதுமானதாக இருந்திருக்கும் என்று விசாரணை முடிவுக்கு வந்தது.

06:13 முதல் 06:45 வரை

06:13க்கு வலப்பக்க இன்ஜின் நின்றது. பதின்மூன்று நிமிடம் கழித்து, 06:26க்கு, 34,500 அடி வாக்கில் இடப்பக்க இன்ஜினும் நின்றது. லாஜெஸ் இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது. கடலில் இறங்க நேரலாம் என்று தரைக்குச் சொன்னார்கள். உள்ளே உயிர்காப்பு அங்கிகளை அணியச் சொல்லிப் பயணிகளைத் தயார்ப்படுத்தினார்கள்.

இன்ஜின் நின்றால் உந்துவிசை மட்டும் போவதில்லை. மின்சாரம், ஹைட்ராலிக் அழுத்தம், அறையின் காற்றழுத்தம் எல்லாமே இன்ஜினை நம்பித்தான் இருக்கின்றன. அந்த நிலைக்கென்றே இறக்கையின் அடியில் ஒரு சிறு காற்றாடி உண்டு. வெளியே நீண்டு, எதிர்க்காற்றில் சுழன்று, அத்தியாவசியக் கருவிகளுக்கும் கட்டுப்பாட்டுப் பரப்புகளுக்கும் மட்டும் சக்தி கொடுக்கும். இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகள் வேலை செய்யாது. சக்கரம் வழுக்காமல் காக்கும் அமைப்பும் இருக்காது.

நிமிடத்துக்கு சுமார் 2,000 அடி இறங்கியபடி விமானம் மிதந்து வந்தது. லாஜெஸை நெருங்கியபோது உயரம் தேவைக்கு அதிகமாக இருந்தது. கேப்டன் ஒரு முழு வட்டம் அடித்து, பிறகு இப்படியும் அப்படியும் வளைத்து உயரத்தைக் குறைத்தார். இறங்குவதற்கு ஒரே ஒரு வாய்ப்புதான்; மேலே எழும்பி மறுபடி சுற்றி வர இன்ஜின் கிடையாது. எனவே குறைவாக வருவதைவிட அதிகமாக வருவது மேல் என்ற கணக்கு.

06:45க்கு, சுமார் 200 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 370 கிலோமீட்டரில், சக்கரம் தரையைத் தொட்டது. ஒருமுறை எகிறி மறுபடி தொட்டது. பிரேக் பூட்டிக்கொண்டு டயர்கள் தேய்ந்து காற்றிறங்கின. ஓடுபாதையில் சுமார் ஒரு கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது விமானம் நின்றது. இடப்பக்கச் சக்கரங்களில் பற்றிய சிறு தீயை அங்கே தயாராக இருந்த வண்டிகள் உடனே அணைத்தன. எரிய எரிபொருளும் இல்லை. அவசரச் சறுக்கு வழியே இறங்கியதில் பதினெட்டுப் பேருக்குக் காயம். அதில் இருவருக்கு மட்டும் பலத்த காயம். 306 பேரும் உயிரோடு இறங்கினார்கள். இரண்டு இன்ஜினும் நின்றதிலிருந்து இறங்கும் வரை 19 நிமிடம்.

பின்விளைவுகள்

விமானிகளுக்கு விமானிகள் சங்கத்தின் விருது கிடைத்தது. அதே விமானிகளின் முடிவுகளை விசாரணை அறிக்கை குறிப்பிட்டு விமர்சித்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. 05:36க்கு எடுத்த முடிவும் 06:26க்குப் பின் காட்டிய திறமையும் வேறு வேறு. ஊடகங்களில் பெரிதும் பேசப்பட்டது கடைசிப் பத்தொன்பது நிமிடம். விமானத் துறை எடுத்துப் படிப்பது அதற்கு முந்தைய ஐம்பது நிமிடத்தை.

நிறுவனம் பராமரிப்புத் தவற்றை ஒப்புக்கொண்டது. கனடாவின் போக்குவரத்துத் துறை அதற்கு 2,50,000 கனடா டாலர் அபராதம் விதித்தது. விமானம் பழுதுபார்க்கப்பட்டு மறுபடியும் பறந்தது.

என்ன மாறியது, இன்னும் என்ன மாறலாம்

ரோல்ஸ் ராய்ஸ், பழைய பாகங்களும் புதிய பாகங்களும் ஒன்றோடொன்று பொருந்தா என்பதை விளக்கி அறிவிப்பு அனுப்பியது. ஏர்பஸ் கையேட்டைத் திருத்தியது: சமநிலையைச் சரிசெய்யும் முன் கசிவு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்வது முதல் படியானது. எச்சரிக்கை கடைசியில் ஒரு வரியாக இல்லாமல் வாசலிலேயே நின்றது. கணினியும் மாறியது. இன்ஜின்கள் எரிப்பதற்கு மேல் எரிபொருள் குறைந்தால், அது இப்போது தெளிவான எச்சரிக்கை தருகிறது. விமானிகள் அன்று போட்டிருக்க வேண்டிய கூட்டலை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள்.

விமானத்தைப் பழுதுபார்க்கும் ஹேங்கர் கூடத்தின் பக்கத்தில் என் கவலை வேறு. இரவல் இன்ஜின் வந்தால், அதில் எந்தெந்த மாற்றம் செய்யப்பட்டது, எது பாக்கி என்ற பட்டியலைப் பெட்டி திறக்கும் நாளிலேயே பார்க்க வேண்டும். குழாய் இடிக்கும்போது பார்த்தால் நேரம் போதாது. இந்த நிகழ்வில் இன்ஜின் வந்து இரண்டு வாரத்துக்கும் மேலாகக் கிடந்தது, அந்த நாட்களில் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இரண்டாவது, ஒரு பாகம் பொருந்தவில்லை என்றால் அங்கேயே வேலையை நிறுத்த மேற்பார்வையாளருக்கு உரிமை இருக்க வேண்டும். ஆவணம் திறக்காத கணினி ஒரு சிறு தொல்லை என்றுதான் எல்லோரும் நினைப்போம். அன்று அந்தப் புல்லட்டினைத் திறந்து பார்த்திருந்தால் மூன்றாவது பாகத்தையும் மாற்ற வேண்டும் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும். ஹைட்ராலிக் குழாயும் கழற்றிய இன்ஜினில், அதே கூடத்தில்தான் இருந்தது.

விமானிகள் அறையைப் பொறுத்தவரை ஒரு விஷயம் இன்னும் கற்பிப்பில் போதிய இடம் பெறவில்லை என்று நினைக்கிறேன். சம்பந்தமில்லாதவை போல் தோன்றும் இரண்டு அறிகுறிகள் ஒரே இன்ஜின் பக்கம் அடுத்தடுத்து வந்தால், அந்த இரண்டையும் இணைக்கும் கருவி எது என்று தேட வேண்டும். இங்கே அது வெப்பப் பரிமாற்றி. எரிபொருள் அமைப்பைப் பாடத்தில் ஒரு அத்தியாயமாகவும் ஆயில் அமைப்பை இன்னொரு அத்தியாயமாகவும் படித்தவருக்கு அந்த இணைப்பு நெருக்கடியில் நினைவுக்கு வருவது அபூர்வம். சிமுலேட்டர் பயிற்சியில் கசிவை நேராக எரிபொருள் மானியில் காட்டாமல், முதலில் ஆயில் வெப்பநிலை இறங்குவதாகத் தொடங்கினால், பயிற்சி பெறுகிறவர் எத்தனை நிமிடத்தில் எரிபொருள் பக்கத்தைத் திறக்கிறார் என்று பார்க்கலாம்.